கேளுங்கள், நடக்கலாம்: பெங்களூரு சிறப்புப் பதில்கள்

பெங்களூரைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் மேசையில் கட்டாகச் சேர்ந்துவிட்டன, அதனால் இந்த இதழில் வேறு ஊருக்கே போகவில்லை. நான் அல்சூரில் பல வருடம் வாடகை வீட்டில் இருந்தவன், அந்த ஊர் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. பெங்களூர், பெங்களூரு என்று மாற்றி மாற்றி எழுதினாலும் கோபிக்க வேண்டாம், வாய்க்கு வருவது கைக்கும் வருகிறது.

மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா, பெங்களூர் அரண்மனை, காளை கோயில், திப்பு அரண்மனை எல்லாம் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா?
– வாசகி, ஓசூர்

திரும்ப முடியும். பார்க்கத்தான் முடியாது. ஆறு இடத்துக்கும் போய் ஆறு வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு வரலாம், நடுவில் மூன்று மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் சின்னவன் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இரண்டு இடம் போதும் அம்மா. லால்பாக், கப்பன் பார்க்.

காரை எடுக்காதீர்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி பொம்மசந்திரா வரை பஸ்ஸில் வந்துவிட்டால் அங்கிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடம் இருக்கிறது, 2025 ஆகஸ்ட்டில் திறந்தது. அதன் கடைசி நிலையம் ஆர்.வி. ரோடு. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், அடுத்தது லால்பாக். நிலையத்திலிருந்து மேற்கு வாசல் கிட்டத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ கொஞ்சம் தாமதமாகத்தான் கண் விழிக்கும், அதனால் விடியற்காலையில் வந்து நிலைய வாசலில் நிற்க வேண்டாம். மாமியாருக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். லால்பாக்குக்குள் பேட்டரி வண்டி ஓடுகிறது, அவரை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு பாறை மேல் ஏறுங்கள். வெயில் ஏறியதும் சாப்பிட்டுவிட்டு மெஜஸ்டிக் போய் ஊதாத் தடம் மாறினால் கப்பன் பார்க்.

ஞாயிற்றுக்கிழமை என்பதில் ஒரு லாபம் இருக்கிறது, அன்று கப்பன் பார்க்குக்குள் போகும் சாலைகளில் வண்டி விடமாட்டார்கள். நடுரோட்டில் பிள்ளைகள் ஓடலாம், நீங்கள் பின்னால் ஓட வேண்டாம். பக்கத்தில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் ஞாயிறு திறந்திருக்கும், பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான் என்றால் அவனை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். விதான சௌதா அங்கிருந்து நடக்கும் தூரம், வெளியில் நின்று பார்த்தாலே போதும். முதலமைச்சராக இருந்த கெங்கல் ஹனுமந்தையா முன்நின்று கட்டி 1956-இல் முடிந்தது. முகப்பில் 'அரசுப் பணி தெய்வப் பணி' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். நீங்கள் போவது ஞாயிறு, தெய்வத்துக்கும் லீவு.

அரண்மனையை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணமும் குடும்பத்தோடு போனால் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

லால்பாக் திப்பு சுல்தான் போட்டதா, வெள்ளைக்காரன் போட்டதா? எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது.
– வாசகர், ஈரோடு

சண்டையை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க். 1760-இல் போட ஆரம்பித்தவர் திப்புவின் அப்பா ஹைதர் அலி. சீராவில் இருந்த மொகலாயத் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத் தொடங்கினார் என்பார்கள். மகன் திப்பு அதைப் பெரிதாக்கி, வெளிநாடுகளிலிருந்து செடியும் விதையும் வரவழைத்தார். ராஜாவின் பழத்தோட்டம், பூந்தோட்டமாக இருந்தது 1856-இல்தான் அரசுத் தாவரவியல் பூங்கா ஆனது, அது வெள்ளைக்காரர் காலம். இன்று எல்லாரும் போய் நின்று படம் எடுக்கும் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1889-இல், விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர். லண்டன் கிறிஸ்டல் பேலஸைப் பார்த்துச் செய்த சின்ன மாதிரி அது.

அப்புறம் வந்த ஒருவரைச் சொல்லாமல் விட்டால் பதில் குறையாகிவிடும். குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல், ஜெர்மன்காரர், லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தவர், பரோடா மகாராஜாவிடம் இருந்துவிட்டு 1908-இல் மைசூர் அரசில் சேர்ந்து லால்பாக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் லால்பாக் மதிலோடு நிற்கவில்லை. ஒரு தெருவில் பூத்து ஓயும்போது அடுத்த தெருவில் வேறு ஜாதி மரம் பூக்க ஆரம்பிக்க வேண்டும், வருடம் முழுக்க ஊரில் எங்காவது ஒரு சாலை பூவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மரம் தேர்ந்து நட வைத்தார். இன்றைக்குப் பிப்ரவரியில் போய் ரோஸ் கலர் மரத்தடியில் செல்ஃபி எடுக்கிறோமே, அது இந்த மனிதர் வரைந்த அட்டவணையின் மிச்சம்.

ஆனால் ஹைதர், திப்பு, க்ரும்பிகல் எல்லாருக்கும் சீனியர் ஒருவர் அங்கே இருக்கிறார், அந்தப் பாறை. சுமார் 300 கோடி ஆண்டு வயது. நைஸ் என்னும் பாறை வகை, அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். ஜனங்கள் அதன் மேல் உட்கார்ந்து கடலை கொறிக்கிறார்கள், அதுவும் சரிதான், பாறைக்கு ஒன்றும் ஆகாது. உச்சியில் ஒரு சின்னக் கோபுரம், இந்த ஊரை எழுப்பிய கெம்பே கவுடாவின் பெயரில் கெம்பே கவுடா கோபுரம். நகரத்தின் எல்லை என்று சொல்லப்படும் நான்கு கோபுரங்களில் ஒன்று, மற்றவை அல்சூர் ஏரிக் கரை, கெம்பாம்புதி ஏரி, மேக்ரி சர்க்கிள் பக்கம். அந்த எல்லையைத் தாண்டி ஊர் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பாறை மேல் நின்று நாலாபக்கமும் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள். கல்லாகிப்போன ஒரு மரத்துண்டு வைத்திருக்கிறார்கள், வயது சுமார் 2 கோடி ஆண்டு. எங்கிருந்து வந்தது தெரியுமா, நம்ம விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையிலிருந்து. வக்கிரகாளி கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தக் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, லால்பாக்கில் வந்து ஆச்சரியப்படுகிறார்கள்.

சௌசௌவுக்கு 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று ஏன் பெயர்? அது கத்தரிக்காய் மாதிரியும் இல்லையே!
– இல்லத்தரசி, சேலம்

பயணப் பகுதிக்குக் காய்கறிக் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் பதில் லால்பாக்குக்குள்தான் இருக்கிறது. சௌசௌ மெக்சிகோ பக்கத்துக் கொடி, சுரைக்காய், பூசணிக்குத்தான் சொந்தம், கத்தரிக்கு ஒன்றுவிட்ட உறவு கூட இல்லை. க்ரும்பிகலுக்கு முன்னால் லால்பாக்கைப் பார்த்துக்கொண்டவர் ஜான் கேமரன். இதைப் பெங்களூரில் கொண்டுவந்து பரப்பிய பெருமையை அவருக்குக் கொடுக்கிறார்கள். கன்னடத்தில் இதற்குச் 'சீமே பதனேகாயி' என்று பேர், அதாவது சீமைக் கத்தரிக்காய். நமக்குச் சீமை எண்ணெய் மாதிரி. அவர்களுக்குச் சீமையிலிருந்து வந்தது, நமக்குப் பெங்களூரிலிருந்து வந்தது, அவரவர் வாசலுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்களோ அவர்கள் ஊர்ப் பெயர். கூட்டுக்கு நன்றாக இருக்கும், சாம்பாரில் போட்டால் எனக்குப் பிடிக்காது.

வெந்த பயறு கொடுத்த கிழவியால்தான் பெங்களூருக்கு அந்தப் பெயர் வந்தது என்று டூரிஸ்ட் கைடு சொன்னார். உண்மையா?
– வாசகர், மதுரை

கதை தெரியும்: வேட்டைக்குப் போய் வழி தவறிய ஹொய்சள ராஜா வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாள், அவர் அந்த இடத்தை 'பெந்த காளு ஊரு' என்றார், அதுவே பெங்களூரு ஆயிற்று. நல்ல கதை. சிக்கல் என்னவென்றால் வீரபல்லாளன் 12-ஆம் நூற்றாண்டு ஆள். ஊரின் தெற்கே பேகூரில் நாகேஸ்வரர் கோயில் இருக்கிறது, அங்கே கங்கர் காலத்து நடுகல் எழுத்து ஒன்று, சுமார் கி.பி. 890. அதிலேயே 'பெங்களூர்ச் சண்டை' என்று வருகிறது. ராஜா பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூற்று ஐம்பது வருடம் முன்னாலேயே ஊருக்குப் பெயர் வைத்தாயிற்று, கிழவி பாவம் தாமதமாக வந்திருக்கிறாள்.

கெம்பே கவுடா 1537-இல் மண்கோட்டை கட்டி ஊரை எழுப்பினார் என்பது சரி, ஆனால் பெயரை அவர் புதிதாக வைக்கவில்லை. பேகூர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு. பெங்களூரில் வேலை பார்க்கும் உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், பேகூர் ரோட்டில் நெரிசலில் நின்றிருப்பான், கோயிலைப் பார்த்திருக்கமாட்டான்.

கோட்டையைத் தேடி கே.ஆர். மார்க்கெட் பக்கம் ஒரு மணி நேரம் அலைந்தேன். கடைசியில் ஒரு வாசல்தான் இருக்கிறது. மீதிக் கோட்டை எங்கே ஐயா?
– வாசகர், திருச்சி

நீங்கள் பார்த்ததுதான் மீதி! மலைக்கோட்டை ஊர்க்காரருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். கெம்பே கவுடாவின் மண்கோட்டையை ஹைதர் அலி 1761 வாக்கில் கல்லில் கட்டினார். 1791 மார்ச் 21 இரவில் திப்புவோடு போரிட்ட ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் சண்டையிலேயே இறந்தார். அதன் பிறகு ரோடு போடுவதற்கும் மற்றதற்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துத் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சியது டெல்லி வாசலும் அதை ஒட்டிய மதில் துண்டும். உள்ளே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது, பார்த்தீர்களா? வெளியே கே.ஆர். ரோட்டில், மதில் உடைந்த இடம் இதுதான் என்று வெள்ளைக்காரர் வைத்த கல்வெட்டுப் பலகை ஒன்று உண்டு. பஸ்ஸும் ஆட்டோவும் அதை உரசிக்கொண்டு போகின்றன.

அலைந்தது வீண் போகாமல் இருக்க ஒன்று சொல்கிறேன். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் திப்புவின் கோடைக்கால அரண்மனை. ஹைதர் ஆரம்பித்து 1791-இல் திப்பு முடித்தது. மேலே சொன்ன அதே வருடம், கவனியுங்கள், கட்டி முடித்த வருடத்திலேயே ஊர் கைவிட்டுப் போயிற்று. தேக்குத் தூண்கள், வளைவுகள், நிறம் மங்கிய பூவேலை. அரண்மனை என்றதும் மைசூர் மாதிரி தங்கத்தை எதிர்பார்க்காதீர்கள், இது அடக்கமான மரவீடு. காம்பவுண்டை ஒட்டியே கோட்டை வெங்கடரமணர் கோயில், மைசூர் சிக்க தேவராஜ உடையார் 1689-இல் கட்டியது. திப்பு வீட்டு மாடியிலிருந்து கோயில் மணி கேட்கும் தூரம்.

இந்த வட்டாரத்துக்குக் காலை எட்டு மணிக்குள் வாருங்கள், மார்க்கெட்டில் பூ மூட்டை இறங்கும் நேரம். கனகாம்பரம், சாமந்தி எல்லாம் குன்று குன்றாகக் கிடக்கும். என்னைக் கேட்டால் கோட்டையை விட அதுதான் பார்க்க வேண்டிய காட்சி. கோட்டையும் அரண்மனையும் திறக்கும் நேரம் வரும்வரை காபி குடித்துக்கொண்டிருக்கலாம்.

பெங்களூரில் தமிழர்களின் பழைய அடையாளங்கள் எவை? ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான், மகள் வீட்டில் இரண்டு மாதம் இருக்கப் போகிறேன்.
– வாசகர், சென்னை

இரண்டு மாதம் இருக்கிறதா, கொடுத்துவைத்தவர். முதலில் டொம்லூர் சொக்கநாதர் கோயில். சொக்கநாதர் என்றதும் மதுரையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், இங்கே சொக்கர் பெருமாள், சொக்கப் பெருமாள். ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன, ஊர்ப்பெயர் அவற்றில் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. ஐ.டி. கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிக்கும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தை விரலால் தடவிப் படிக்கலாம். மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் வேலை பார்த்தால் கூட்டிப் போங்கள் ஐயா, பாடம் எடுத்த மாதிரி இருக்கும்.

அடுத்து மல்லேஸ்வரம், காடு மல்லேஸ்வரர் கோயில். அங்கேயுள்ள 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கோயிலுக்கு ஒரு கிராமத்தைக் கொடையாகக் கொடுத்த ஏகோஜியைச் சொல்கிறது. சிவாஜியின் மாற்றாந்தாய் மகன், வெங்கோஜி என்றும் சொல்வார்கள். பெங்களூர் அவர் அப்பா ஷாஹாஜிக்கு பீஜப்பூர் சுல்தான் கொடுத்த ஜாகீர், அதாவது மானியமாக விட்ட நிலம். இதே ஏகோஜிதான் அப்புறம் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கினார். தஞ்சையில் இருந்துகொண்டு பெங்களூரை ஆள முடியாது என்று மைசூர்க்காரருக்கு மூன்று லட்சத்துக்கு விலை பேசினார், அதற்குள் மொகலாயர் புகுந்துவிட்டார்கள், கடைசியில் அதே சிக்க தேவராஜ உடையார் கைக்குத்தான் வந்தது. சரஸ்வதி மகால் பார்த்துவிட்டு இந்தக் கோயிலுக்கு வந்தால் கதையை முன்னால் இருந்து படித்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது எங்கள் அல்சூர். 1809-இல் வெள்ளைக்காரர்கள் தண்டு போட்டார்கள், கன்டோன்மென்ட்டுக்குக் கன்னடத்திலும் 'தண்டு' என்றுதான் பேர். சிப்பாய், சமையல்காரர், வண்டிக்காரர், கொத்தனார், வியாபாரி என்று வட ஆற்காடு பக்கத்திலிருந்தெல்லாம் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் ஏரிக்கரையில் இருக்கிறது. சோமேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஏரிப்பக்கம் நடந்தால் திருவள்ளுவர் இருக்கிறார். சிலை வைத்துத் துணி மூடி 18 வருடம் காத்திருந்தார், 2009 ஆகஸ்ட் 9-இல்தான் கருணாநிதி திறந்து வைத்தார், எடியூரப்பா கூட இருந்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. பரிமேலழகர் உரையோடு வளர்ந்தவர் நீங்கள், சர்வக்ஞரின் மூன்றடி வசனங்களையும் யாரிடமாவது கேட்டுப் படியுங்கள், குறளுக்கு அண்டை வீட்டுக்காரர்.

சிவாஜிநகர் தூய மரியன்னை பசிலிக்காவில் தமிழ்ப் பூசை உண்டு. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு முந்தைய நாட்களில் அந்தத் தெருவில் நடந்தால் வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

கப்பன் பார்க்குக்கு இன்னும் வெள்ளைக்காரன் பெயர் எதற்கு?
– வாசகர், தஞ்சாவூர்

பெயரை மாற்றி நூறு வருடம் ஆகப் போகிறது. 1927-இலேயே ஸ்ரீ சாமராஜேந்திர பார்க் என்று வைத்தாயிற்று, யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 1870-இல் சாங்கி என்ற எஞ்சினியர் போட்டபோது மீட்ஸ் பார்க், பிறகு மைசூர் கமிஷனராக நீண்ட காலம் இருந்த மார்க் கப்பன் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயரை விட எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுவது பார்க் இருக்கும் இடம். ஒருபக்கம் கெம்பே கவுடாவின் பேட்டை, கன்னட ஊர். மறுபக்கம் தண்டு, வெள்ளைக்காரரும் தமிழரும் இருந்த ஊர். இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சை வேலி. 1949-இல்தான் இரண்டும் ஒரே நகராட்சி ஆயின. அந்தப் பார்க்கில் நடப்பது என்றால் பழைய எல்லைக் கோட்டின் மேல் நடப்பதுதான்.

எதிரே செக்கச்செவேல் என்று நிற்கும் உயர்நீதிமன்றத்துக்கு 'அட்டாரா கச்சேரி' என்று பழைய பேர், பதினெட்டு இலாகாக்கள் அதற்குள் இருந்ததால். 1980-களில் அதை இடிக்க நினைத்தார்கள், பொதுமக்கள் வழக்குப் போட்டார்கள், இடிபட இருந்த கட்டடத்துக்குள்ளேயே அந்த வழக்கு நடந்தது! கட்டடம் ஜெயித்தது. பார்க்குக்குள்ளே இருக்கும் சிவப்பு நூலகம் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், 1915. பாலக்காட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மைசூருக்கு 18 வருடம் திவானாக இருந்தவர். உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள், பெஞ்சில் தூங்குகிறவர்களை எழுப்பாமல்.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போகலாமா?
– வாசகி, கோவை

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் வருடம் இரண்டு முறை. போகலாம், வேலை நாளில், காலையில் கதவு திறந்ததும். விடுமுறை நாளில் ஒருமுறை அப்பாவைக் கூட்டிப்போனேன், பூவில் செய்த கட்டடத்தைச் சுற்றி இருந்த தலைகளைத்தான் பார்த்தோம். அப்பாவின் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. பூ முக்கியம் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் சாதாரண ஒரு நாள் போங்கள், தெருவெல்லாம் டபேபுயா ரோஸ் நிறத்தில் இருக்கும், அப்புறம் மஞ்சள், அதற்குப் பின் ஜகரண்டா ஊதா. டிக்கெட் கிடையாது. தேதி மட்டும் கேட்காதீர்கள், மரத்துக்குக் காலண்டர் இல்லை.

கார்த்திகை மாதம், அதுவும் திங்கட்கிழமைதான் பெங்களூரில் இருப்பேன். மியூசியங்களுக்கு லீவாமே, என்ன செய்வது?
– வாசகர், வேலூர்

அரசு மியூசியத்துக்கு லீவுதான், ஆனால் உங்களுக்கு யோகம் இருக்கிறது. கார்த்திகைக் கடைசித் திங்கள் என்றால் நேராகப் பசவனகுடி, காளை கோயில். ஒரே கல்லில் செய்த பெரிய நந்தி, நான்கரை மீட்டர் உயரம். முன்பு இந்தப் பக்கம் கடலைக்காடு, விளைந்ததையெல்லாம் ஒரு காளை மேய்ந்து தீர்த்ததாம், அதைச் சமாதானப்படுத்த முதல் விளைச்சலைக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று கதை. அதனால் அன்று கடலைக்காய் பரிஷெ, நிலக்கடலைச் சந்தை. கோயில் ரோடு முழுக்கப் பச்சைக் கடலை, வறுத்தது, அவித்தது, சுற்றுவட்டார விவசாயிகள் மூட்டை மூட்டையாக இறக்கியிருப்பார்கள். தமிழ்நாட்டுக் கடலையும் வரும். கன்னட நாள்காட்டிக்கும் நம் நாள்காட்டிக்கும் கார்த்திகை சில நாள் முன்னே பின்னே விழும், கிளம்பும் முன் தேதியை அங்கே இருப்பவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். காந்தி பஜார் கிட்டத்தில்தான், தோசை சாப்பிட வேண்டுமென்றால் கடலை தின்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். பை ஒன்று எடுத்துப் போங்கள், தோல் போட.